முழு வெயில் பணிமுறை

விருதுநகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மாடிப்படியை ஒட்டிய சுவரில், "தென்மாவட்டத் தூய ஆற்றல் கொள்கைப் பரிந்துரை மன்றம்" என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்தப் பெயரை ஒருவர் நிதானமாக வாசித்து முடிக்கும்போது படியும் முடிந்துவிடும். அம்புட்டுக் கச்சிதமாகத் திட்டமிட்டு நடக்கிற நிறுவனம்.

எழில் அங்கே போய்ச் சேர்ந்தது பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையில் அல்ல. பி.ஏ. பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகள் கோடை விடுமுறையில் எங்காவது இன்டர்ன்ஷிப் போய்ச் சான்றிதழ் வாங்கிவந்தால்தான் அடுத்த வருஷ வகுப்புக்குள் கால் வைக்கலாம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் தங்கள் அப்பாக்களின் நண்பர்கள் நடத்துகிற அச்சகங்களுக்கும், அவர்கள் கணக்கு வைத்திருக்கிற வங்கிகளுக்கும் போய்விட்டார்கள். எழிலின் அப்பா பாண்டிராஜுக்கு இருந்த நண்பர்கள் எல்லாரும் அவரைப் போலவே லோடு ஏற்றுகிறவர்கள். லோடு ஏற்றப் பழகியதற்குச் சான்றிதழ் கொடுக்கிற காலம் இன்னும் வரவில்லை. கடைசியில் யாரும் போகாத இடம் ஒன்று மிச்சமிருந்தது. அதுதான் மன்றம்.

முதல் நாள் அவளை வரவேற்றவர் ஸ்ரீமதி மேடம், திட்ட அலுவலர்.

"நாம என்ன வேலை செய்வோம் மேடம்?" என்று எழில் பவ்யமாகக் கேட்டாள்.

"நாம வேலை செய்ய மாட்டோம்மா. என்ன வேலை செய்யணும்னு அரசாங்கத்துக்கும் தொழில் நடத்துறவங்களுக்கும் எடுத்துச் சொல்லுவோம். அதுக்குப் பேருதான் பரிந்துரை."

"அவங்க செய்வாங்களா மேடம்?"

"அது அவங்க பாடு."

மொட்டை மாடியில் ஒரு சோலார் பேனல் இருந்தது. அது வடக்கே பார்த்து இருந்தது. தெற்கே பார்த்தால்தானே வெயில் நன்றாக விழும் என்று எழில் எட்டாம் வகுப்பில் படித்ததை நினைத்துக் கேட்டுவிட்டாள். ரோடு வடக்கே இருக்கிறது, போகிற வருகிறவர்கள் கண்ணில் பட்டால்தானே விழிப்புணர்வு வரும் என்றார் ஸ்ரீமதி மேடம். அதுவும் போதாதென்று, "இது சூரிய ஆற்றலால் இயங்கும் அலுவலகம்" என்ற தகரப் பலகையைப் பேனலுக்கு மேலேயே தூக்கிக் கட்டியிருந்தார்கள். அதன் நிழல் பேனல் மேல் முழுசாக விழுந்தது. அலுவலகத்தின் இரண்டு ஏசியையும் கீழே நின்ற டீசல் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டது.

எழில் சேர்ந்த நேரம் மன்றத்துக்குச் சோதனையான நேரம். நிதி கொடுக்கிறவர்கள் டில்லியிலிருந்து ஒரு வெற்றிக் கதை கேட்டிருந்தார்கள். மன்றத்தின் கையில் இருந்ததெல்லாம் காரியாபட்டிப் பக்கம் கொடுத்த ஒரு சோலார் பம்பு. பம்பு அருமையாகத்தான் ஓடியது. கிணற்றில் தண்ணீர் இல்லை. தண்ணீர் வேறு துறை என்பதால் மன்றம் அதில் தலையிடவில்லை.

இயக்குநர் முனைவர் ஹரிபிரசாத் சென்னையிலிருந்து வந்து கூட்டம் போட்டார். பேசும்போது கண்ணுக்குத் தெரியாத பூசணிக்காய் ஒன்றைத் தாங்குவதுபோல இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

"இந்த மாவட்டத்துல முழுக்க முழுக்கச் சூரியனை நம்பி நடக்கிற ஒரு தொழில், ஒரே ஒரு தொழில், நம்ம கண்ணுல படலையா?" என்று கேட்டார். எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். தண்ணீர் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்த எழில் வாயைத் திறந்தாள்.

"சார், எங்க அம்மா வேலை பாக்குற பட்டாசுக் கம்பெனில கரண்டே கிடையாது சார்."

பாவிப்பிள்ளை, அதைக் குறையாகத்தான் சொன்னாள். அவள் அம்மா முருகம்மாள் திருத்தங்கலுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் இருக்கிறாள். பட்டாசுக்குள் அடைக்கிற மருந்தைக் கலந்து சலிக்கிற அறை. அந்த அறையில் ஒயர், பல்பு, ஃபேன் எதுவும் இருக்கக்கூடாது. ஒரு பொறி விழுந்தால் போதும். சாயங்காலம் வேனை விட்டு இறங்குகிற அம்மா, பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பாள். இத்தனை படித்தவர்கள் கூடியிருக்கிற இடத்தில் சொல்லிவைத்தால், ஒயர் இல்லாமலே கொஞ்சம் காத்து வருவதற்கு யாராவது ஒரு வழி சொல்ல மாட்டார்களா என்ற நப்பாசைதான் அவளுக்கு.

"கரண்டே கிடையாதா?" என்றார் ஹரிபிரசாத்.

"மருந்துப் பக்கம் எங்கயும் கிடையாது சார்."

"டீசல்?"

"உள்ள தீப்பெட்டி கொண்டுபோனாலே தொலைச்சுருவாக சார்."

"அப்ப செஞ்ச பட்டாசைக் காயவைக்க?"

"வெயில்லதான் சார். வெளிய மேடை கட்டிப் பரப்பிப்போடுவாக."

ஹரிபிரசாத் இரண்டு கையையும் தொப்பென்று கீழே விட்டார். "நூறு விழுக்காடு சூரிய ஆற்றல்," என்றார், கோயிலில் நிற்கிறவர் குரலில். "இத்தனை வருஷமா நம்ம மூக்குக்குக் கீழயே நடந்திருக்கு."

ஸ்ரீமதி மேடம் மட்டும் தயங்கினார். "சார், அது பட்டாசாச்சே. கொளுத்தினா புகை வருமே?"

"கொளுத்துறது வாங்குறவங்க பொறுப்பு, ஸ்ரீமதி. நாம உற்பத்தியை மட்டும்தான் பாக்குறோம்."

அடுத்த வாரமே மன்றம் ஒரு ஏசி வேனில் கள ஆய்வுக்குப் போனது. கம்பெனி முதலாளி லட்சுமிகாந்தம் வாசலுக்கே வந்து இளநீர் கொடுத்தார். ஆய்வு செய்ய ஒரு கூட்டம் வருகிறது என்றால் பூட்டிவிட்டுப் போகத்தான் வருவார்கள் என்று பழகியவர் அவர். இந்தக் கூட்டம் பாராட்ட வந்திருக்கிறது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்த பிறகு இன்னொரு இளநீர் வந்தது.

மருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் துணி உரசி ஏறியிருக்கிற மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். போர்மேன் மாரிசாமி இதை விளக்கிச் சொன்னதும் ஹரிபிரசாத் கண் கலங்கிவிட்டார்.

"பாத்தீங்களா? தன் உடம்புல இருக்கிற ஆற்றலைக்கூட இந்த மக்கள் பூமிக்கே திருப்பிக் குடுத்துட்டுத்தான் உள்ள போறாங்க."

ஸ்ரீமதி மேடம் அதை எழுதிக்கொண்டார்.

வேப்பமரத்தடிக்கு முருகம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கையிலும் முகத்திலும் அலுமினியப் பொடி அப்பி, வெள்ளிச் சாமி மாதிரி வந்து நின்றாள். மகளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பெரியவர்கள் முன்னால் சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

"ஃபேன் வேண்டாம்னு நீங்களாவேதான் முடிவு பண்ணீங்களாம்மா?" என்று ஹரிபிரசாத் கேட்டார்.

"ஃபேனா? நல்லாக் கேட்டீக போங்க. ஃபேனைப் போட்டா அம்புட்டுப் பேரும் ஒண்ணாப் போய்ச் சேர வேண்டியதுதான்."

"மின்விசிறியைப் பெண் தொழிலாளர்கள் ஒருமனதாக நிராகரித்துள்ளனர்" என்று ஸ்ரீமதி மேடம் எழுதினார்.

அந்த நேரம் பார்த்து மாரிசாமி கையைத் தட்டி, "மணி பதினொண்ணாச்சு, மருந்தை நிறுத்துங்க தாயி, போதும்" என்று சத்தம் கொடுத்தார். மருந்து ரூம் பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு, காகிதம் சுற்றுகிற கொட்டகைக்குப் போனார்கள். கோடையில் அந்தக் கம்பெனியில் அதுதான் நடைமுறை. வெயில் ஏறிவிட்டால் யாரும் மருந்தைத் தொடுவதில்லை.

ஹரிபிரசாத் திடுக்கிட்டுப் போனார். "பதினோரு மணிக்கு நிறுத்திடுவீங்களா? வெயில் அப்பதானே வருது?"

"அதனாலதான் சார் நிறுத்துறது."

"அப்ப சாயங்காலம் வரைக்கும் அடிக்கிற இவ்வளவு வெயிலும்?"

"சும்மாதான் சார் அடிச்சுக்கிட்டுக் கிடக்கும்," என்றார் மாரிசாமி.

சும்மா என்ற சொல்லை மன்றத்தால் தாங்க முடியவில்லை. உலகமே சூரிய ஆற்றலுக்காகத் தவித்துக்கொண்டிருக்கும்போது, உச்சி வெயில் முழுவதும் திருத்தங்கலில் ஒருவருக்கும் பயன்படாமல் தரையில் கொட்டுகிறது. ஹரிபிரசாத்துக்குப் பேச்சே வரவில்லை. லட்சுமிகாந்தத்துக்குத்தான் வந்தது.

"நானும் இதைத்தான் சார் வருஷக்கணக்காச் சொல்லிக்கிட்டு வாரேன். ஆர்டர் நிக்குது, சீசன் நிக்குது, இவரு பதினோரு மணிக்கு மருந்தை நிறுத்திருவாரு. நான் சொன்னா மொதலாளி பேராசைல சொல்றாருங்கிறாக. உங்கள மாதிரிப் படிச்சவங்க எழுத்துல குடுத்தா..."

திரும்புகிற வழியில் வேனில் எழில் இருக்கையை விட்டு முன்னால் எழுந்து போனாள்.

"சார், வெயில் ஏறினா மருந்து சூடாயிரும் சார். லேசா உரசினாலே பிடிச்சிரும். அய்யம்மாள் சித்தின்னு எங்க தெருவுல ஒருத்தக இருந்தாக. வேற கம்பெனில, சீசன் நேரத்துல, மத்தியானம் மருந்து சலிக்கச் சொன்னாக. அடையாளம் சொல்லக்கூட..." அழுதுவிட்டாள்.

ஹரிபிரசாத் மிகவும் கனிவாகக் கேட்டுக்கொண்டார். ஏசியின் காற்றை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "ரொம்ப முக்கியமான கருத்தும்மா. 'பணியிடம் குறித்த உணர்வுகள்'னு தலைப்புப் போட்டுப் பின்னிணைப்புல சேத்துடலாம்."

அறிக்கை சிவகாசியில் ஒரு பெரிய அச்சகத்தில் வழவழப்பான தாளில், காலண்டர் மாதிரிப் பல வண்ணத்தில் அச்சாகி வந்தது. பின்னிணைப்பு மட்டும் இல்லை. காகிதத்தை மிச்சப்படுத்துவது மன்றத்தின் கொள்கை என்றார் ஸ்ரீமதி மேடம். அறிக்கையின் முதல் பரிந்துரை, கோடையில் மருந்துப் பணி உட்பட அனைத்துப் பணிகளையும் சூரியன் இருக்கும் நேரம் முழுவதும் நடத்த வேண்டும் என்பது. அதற்கு 'முழு வெயில் பணிமுறை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வெளியீட்டு விழா ஒரு ஹோட்டலின் குளுகுளு மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றுகிற நேரத்தில் கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டர் போட்டார்கள். அதன் புகை ஜன்னல் வழியாக மேடைக்கு வந்ததால், தூய காற்றைப் பற்றிய வரவேற்புரையைச் சுருக்கிக்கொண்டார்கள்.

தலைமை தாங்கிய உயர் அதிகாரி உருக்கமாகப் பேசினார். "சூரியன் நமக்காக ஒரு நாள்கூட லீவு போடாம உழைக்குது. நாம சூரியனுக்காக என்ன பண்ணினோம்? என் அறையில ஏசி போட்டு உக்காந்து நான் இதை நினைச்சுப் பல நாள் வேர்த்துப் போயிருக்கேன். பாதுகாப்பு பாதுகாப்புன்னு சொல்லிச் சொல்லியே நாம தொழிலாளியை வெயிலைப் பாத்துப் பயப்பட வச்சுட்டோம். பயத்தைப் போக்குறதுதான் நிர்வாகத்தோட வேலை. விபத்து நடந்தா வரப்போறது எப்படியும் நாங்கதானே!"

பலத்த கைதட்டல்.

லட்சுமிகாந்தத்துக்கு 'சூரியத் தோழன்' விருது. அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எங்க கம்பெனில மருந்துப் பக்கம் கரண்டு பில் கட்டினதே இல்ல. அதைச் சிக்கனம்னுதான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். உலகத்தைக் காப்பாத்திக்கிட்டிருக்கேன்னு இந்தச் சார் வந்து சொல்லித்தான் தெரியும். நாளையிலிருந்து மத்தியானமும் காப்பாத்துவோம்."

அடுத்து 'இளைஞர் குரல்'. அது எழில். பேச வேண்டியதை ஸ்ரீமதி மேடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். எழில் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். வெயில்ல மருந்து கலக்கக் கூடாது. எங்க அம்மா அங்கதான் இருக்காக. தயவுசெஞ்சு பதினோரு மணிக்கே நிறுத்தச் சொல்லுங்க. எனக்கு எங்க அம்மா வேணும்."

ஹரிபிரசாத் எழுந்து கைதட்டினார். அவரைப் பார்த்து அதிகாரி தட்டினார். மண்டபமே எழுந்து நின்று தட்டியது. "இதுதான் களத்தின் குரல்! எவ்வளவு உண்மை, எவ்வளவு ஈரம்!" என்று ஹரிபிரசாத் அவள் தோளில் சால்வை போர்த்தினார். யாரோ ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். நிகழ்ச்சி நிரல்படி அடுத்தது மதிய உணவு. அவள் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தாலாவது பதில் சொல்லியிருப்பாள்.

முழு வெயில் பணிமுறை சொன்னபடி நடைமுறைக்கு வந்தது. மாரிசாமி முடியாது என்று சொல்லிப் பார்த்தார். அவரைப் பண்டல் கட்டுகிற குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். முருகம்மாள் இப்போது காலையில் மருந்து ரூமுக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு வாசல்படியில் உட்கார்ந்துவிடுவாள்.

"முடியாதுன்னு சொல்லும்மா," என்றாள் எழில்.

"எப்படிச் சொல்ல? இந்தச் சீசன்ல முடியாதுன்னுட்டா மறுநாள் வேன் நம்ம தெருவுல நிக்காது தாயி."

"இன்னொரு கம்பெனி இல்லையா?"

"எல்லாக் கம்பெனியும் இனிமே இப்படித்தானாம்ல. உங்க ஆபீசுல இருந்துதான் எழுதிக் குடுத்துருக்காகளாம். மொதலாளி எங்க எல்லாருக்கும் புஸ்தகத்தை விரிச்சுக் காமிச்சாக." முருகம்மாள் முகத்தில் அத்தனை களைப்பிலும் ஒரு பெருமை வந்தது. "விழாவுல எடுத்த உன் போட்டோவையும் உள்ள ஒட்டி வச்சிருந்தாக புள்ள. சால்வையெல்லாம் போத்தி, நல்லா எடுத்துருக்காக. இது எம் மகதான்னு எல்லாத்துக்கிட்டயும் சொன்னேன்."

எழிலுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. எழுந்து உள்ளே போய், சோற்றை எடுத்து வைக்கிற சாக்கில் அடுப்படியிலேயே நின்றுகொண்டாள்.

மறுநாள் காலையில் மன்றம் திறப்பதற்கு முன்பே போய்ப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஹரிபிரசாத் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சார், அந்தப் பரிந்துரையத் திரும்ப வாங்கிருங்க சார்."

"பரிந்துரை செய்யறதுக்குத்தாம்மா நமக்கு நிதி. திரும்ப வாங்குறது நம்ம வேலைத் திட்டத்துலயே இல்லையே."

"அப்ப நிறுத்தச் சொல்லி இன்னொரு பரிந்துரை எழுதுங்க சார். நான் எழுதித் தாரேன்."

"எழுதலாம். ஆனா அதுக்கு ஆதாரம் வேணுமே?" அவர் கைகள் பூசணிக்காயைத் தாங்கின. "இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கலை. ஏதாவது நடந்தா சொல்லு, உடனே ஆய்வுக்கு எடுத்துக்கலாம். அப்படிப்பட்ட ஆய்வுக்கெல்லாம் நல்ல நிதி கிடைக்கும்."

"நடந்துட்டா எங்க அம்மா இருக்க மாட்டாகளே சார்."

"உன் உணர்வை நான் ரொம்ப மதிக்கிறேம்மா," என்றார் ஹரிபிரசாத். உண்மையிலேயே மதித்தார். அதுதான் கொடுமை. அந்தக் கட்டிடத்தில் அவள் உணர்வை மதிக்காதவர் ஒருவரும் இல்லை.

அவரே எழுந்து அவளுக்கான சான்றிதழை எடுத்து, நின்றுகொண்டு இரண்டு கையாலும் கொடுத்தார். மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து எழுதிக் கொடுத்த பரிந்துரைகளில் நடைமுறைக்கு வந்தது இது ஒன்றுதானாம். "இம்மாணவியின் பங்களிப்பால் ஒரு கொள்கை மாற்றம் நிகழ்ந்தது" என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. எழில் அதை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் வந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். வாங்காமல் வந்தால் படிப்பு நின்றுபோகும், அந்த மருந்து ரூமில் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு எப்போதும் இடம் இருக்கிறது.

வெளியே ஸ்ரீமதி மேடம் அவசர அவசரமாகக் கம்ப்யூட்டரை அணைத்துக்கொண்டிருந்தார்.

"வெப்ப அலைன்னு எச்சரிக்கை வந்திருக்குல்ல? இனிமே நம்ம ஆபீஸ் பதினோரு மணி வரைக்கும்தான். ஊழியர் நலன்ல சார் ரொம்பக் கண்டிப்பு. நீயும் வெயில்ல அலையாதம்மா, நேரா வீட்டுக்குப் போ. போற வழியில மோர் வாங்கிக் குடி."

எழில் திருத்தங்கல் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். ஊர் நெருங்குகிற நேரத்தில் எங்கோ டமார் என்று ஒரு சத்தம் கேட்டது. பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுபோனது. டிரைவர் தன்னையறியாமல் வேகத்தைக் குறைத்தார். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது கூடப்பிறந்த வழக்கம். எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து, எந்தத் திசையில் புகை கிளம்புகிறது என்று தேடினார்கள். தேடிக்கொண்டே ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். எழிலும் அம்மாவின் நம்பரைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவால் எடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். வேலைக்கு வருகிறவர்களின் போனையெல்லாம் கேட்டிலேயே வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்கள். தெரிந்தும் விடாமல் அடித்தாள். மணி அடித்து ஓயப் போகிற நேரத்தில் யாரோ எடுத்தார்கள்.

"யாரு, எழிலா? நான் வாட்ச்மேன் முத்துக்கருப்பன் பேசுறேன் தாயி. இங்கன ஒண்ணுமில்ல, பயப்படாத. அது துட்டி வீட்டுல, பொணம் எடுக்கையில போட்ட வெடி. பெட்டி முச்சூடும் இப்ப போன் அடிச்சுக்கிட்டுத்தான் கிடக்கு."

எழிலுக்கு அழுகையும் மூச்சும் ஒன்றாக வந்தது. "அம்மா எங்க இருக்காக?"

"மருந்து ரூம்லதான்."

"கொஞ்சம் வெளிய கூப்பிடுங்களேன். ஒரு வார்த்தை பேசிட்டு வச்சிருதேன்."

"வேலை நேரத்துல கூப்புட்டா என் சோலி முடிஞ்சுரும் தாயி. ஒண்ணும் ஆகாது, நீ வீட்டுக்குப் போ. வெயில் இறங்கட்டும், விட்டுருவாக."

மணி அப்போது பன்னிரண்டுகூட ஆகவில்லை.